ஆறாவது வரி

மருந்து டப்பாவைப் பிரித்தால் உள்ளே எட்டாக மடித்த ஒரு தாள் இருக்கும். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. யாரும் படிப்பதில்லை, டப்பாவோடு சேர்த்துக் கசக்கி எறிந்துவிடுவோம். அந்தத் தாள்கள் அச்சேறும் முன் பிழை பார்ப்பதுதான் இப்போது அவருக்கு வேலை. அச்சகத்தின் பின்கட்டில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி. மற்றவர்கள் மேலிருந்து கீழே படிப்பார்கள். அவர் கடைசி வரியில் விரலை வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு வரியாக மேலே ஏறுவார். வயதானவரின் கிறுக்கு என்று அச்சகத்தில் விட்டுவிட்டார்கள்.

டீ நேரத்தில் யாராவது அவர் வாயைக் கிளறிப் பார்ப்பதுண்டு. "ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் சார்?" என்பார்கள். "தெரியாதுப்பா" என்பார். பச்சைப் புளுகு. இருபத்து மூன்று வருஷம் அந்த மாதிரி விஷயங்களைச் சொல்லியே பெயர் வாங்கிய மனிதர் அவர்.

பெயர் என்றால் துணுக்கு. அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. நாளிதழ் ஒன்றில் மெய்ப்புத் திருத்துகிற வேலை. அதோடு, ஏழாம் பக்கத்தின் இடது கீழ் மூலையில் 'ஆறு வரி' என்று ஒரு கட்டம் வரும். அதற்கும் அவர்தான் பொறுப்பு. ஒருநாள் ஒரு சொல்லின் கதை, மறுநாள் ஒரு ராஜாவின் கதை, அதற்கு மறுநாள் ஒரு பூச்சியின் கதை. உலகத்திலேயே சின்னப் போர் முக்கால் மணி நேரம்கூட நடக்கவில்லை என்பதும், ஸ்வீடன்காரர்கள் ஒரே ஒரு வருஷம் பிப்ரவரிக்கு முப்பதாம் தேதி வைத்திருந்தார்கள் என்பதும் அந்தக் கட்டத்தில் வந்தவைதான். தலையங்கம் எழுதியவரை யாருக்கும் தெரியாது. துணுக்கைத் தெரியும். பஸ்ஸில் இடம் கொடுப்பார்கள்.

மனிதருக்கு மண்டைக்கனம் கொஞ்சம் உண்டு. இல்லை என்று சொன்னால் அவர் மனைவியே சிரிப்பாள். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சீட்டு எழுதுகிற வேலை அவளுக்கு. "எல்லா நாட்டுத் தலைநகரமும் தெரியும், நம்ம வீட்டு கேஸ் புக் எங்க இருக்குன்னு மட்டும் தெரியாது" என்பாள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். காலையில் எழுந்ததும் சாப்பாட்டு மேஜையில் நீள நோட்டைப் பிரித்து, எழுத்தெண்ணி ஆறு வரி எழுதி முடித்தால்தான் பல்தேய்ப்பே. அப்படி அறுபது, எழுபது நோட்டுகள் அலமாரி நிறைய இருந்தன.

அவருக்கென்று ஒரு தொழில் நுணுக்கம் இருந்தது. செய்தி எழுதுகிறவர்கள் முக்கியமானதை முதல் வரியில் வைப்பார்கள். விளம்பரம் வந்து இடம் குறைந்தால் பக்கம் கட்டுகிறவர் அடியிலிருந்துதான் வெட்டுவார். எவ்வளவு வெட்டினாலும் தலை தப்பிக்கும். துணுக்கு இதற்கு நேர்மாறு. ஐந்து வரிக்கு வாசகனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், ஆறாவது வரியில் கவிழ்த்துவிட வேண்டும். அதற்குக் கொக்கி என்று பெயர் வைத்திருந்தார். பூட்டிவிட்டுச் சாவியை எடுக்கிறோம், ஜன்னலைச் சாத்துகிறோம், அலமாரியைத் திறக்கிறோம் என்று ஐந்து வரி போகும். சாவி, ஜன்னல், அலமாரி என்ற சொற்கள் மூன்றும் போர்த்துகீசியரின் கப்பலில் வந்தவை என்று ஆறாவது வரி முடிக்கும்.

அந்தத் துணுக்கில்தான் முதல் சண்டை வந்தது. பக்கம் கட்டுகிறவர் ஒரு வரியை வெட்டிவிட்டார். அவரைக் கத்திரி என்றுதான் அலுவலகத்தில் கூப்பிடுவார்கள். நல்ல மனிதர், ஆனால் கைக்கு எட்டியதை நறுக்கிவிடுவார். மறுநாள் காலையில் ஊர் முழுக்க, மனிதர்கள் பூட்டுகிறார்கள், சாத்துகிறார்கள், திறக்கிறார்கள் என்ற அரிய தகவலைப் படித்தது. துணுக்கு மூன்று நாள் கத்திரியோடு பேசவில்லை. பிறகு ஆசிரியர் நடுவில் புகுந்து ஓர் ஏற்பாடு செய்தார். 'ஆறு வரி'யில் கைவைப்பதென்றால் துணுக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான். அதன்பின் பதினாறு வருஷம் கத்திரி கேட்காமல் வெட்டியதில்லை. கேட்டபோதெல்லாம் துணுக்கு எழுந்து போய், பக்கத்தில் நின்று, வேறு எங்காவது நாலு சொல்லைக் குறைத்து, கொக்கியைக் காப்பாற்றிவிட்டு வருவார்.

அன்றைக்கும் கத்திரி கேட்டார். அதைச் சொல்லியாக வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கேன்டீனில் புதிதாகச் சேர்ந்த நிருபர்கள் நாலு பேர் துணுக்கைச் சுற்றி உட்கார்ந்து, அவரை மடக்கிக் காட்டுகிறோம் என்று ஆளுக்கொரு கேள்வியாக வீசிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கமாகப் பறக்கிற பறவை எது என்றான் ஒருவன். சிறகடித்துப் பறக்கிற பாலூட்டி எது என்றான் இன்னொருவன். கேள்வி முடியும் முன்னே பதில் விழுந்தது. கைதட்டல் வேறு. துணுக்கின் முகம் பூரித்துக் கிடந்தது. அப்போது வாசலில் கத்திரி வந்து நின்றார்.

"அண்ணே, உங்க கட்டத்துக்கு மேல இருக்கற விளம்பரம் ஒரு வரி வளந்துடுச்சு. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

"ஒரு வரிதானே. வெட்டிக்கோ."

"கடைசி வரிண்ணே."

"வெட்டிக்கோப்பா, பாத்துக்கலாம்" என்று கையை வீசிவிட்டு, துணுக்கு அடுத்த கேள்விக்குத் திரும்பினார். பதினெட்டுக் கேள்விக்குப் பதினெட்டும் சரி. அந்தக் கணக்கு இன்றைக்கும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்றைய துணுக்கு, பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு வீட்டு மருத்துவக் கையேட்டிலிருந்து எடுத்தது. நோட்டில் அவர் எழுதியிருந்தது இதுதான்: மண்ணெண்ணெயோ விஷமோ குடித்துவிட்ட குழந்தைக்கு உடனே உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து வாந்தியெடுக்க வைக்க வேண்டும் என்பதே அந்தக் கால வீட்டு மருத்துவக் கையேடுகள் சொன்ன முதலுதவி. டாக்டர் வரும்வரை காத்திராமல் தாயே இதைச் செய்யலாம் என்றும் அவை கூறின. இவ்வளவும் ஐந்து வரி. ஆறாவது வரி: இது குழந்தையைக் கொன்றுவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் பத்திரிகையைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல வழியில்லை. தினமும் முதலில் அவர் திருப்புவதே ஏழாம் பக்கத்தைத்தான். வெட்டியிருந்தது. அடடா, கொக்கி போய்விட்டதே என்று மனசு கொஞ்சம் சுணங்கியது. அவ்வளவுதான் பட்டது அவருக்கு. திருத்தம் ஒன்று போடலாமா என்ற யோசனை வந்தது. இருபத்து மூன்று வருஷத்தில் அந்தக் கட்டத்துக்குத் திருத்தம் வந்ததே கிடையாது. அந்தப் பெருமையைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. தவிர, இருக்கிற ஐந்து வரியில் பொய் எதுவும் இல்லையே, அந்தக் காலத்துக் கையேடுகள் அப்படித்தானே சொல்லியிருக்கின்றன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பல் தேய்க்கப் போனார்.

ஒன்றரை மாதம் ஓடிவிட்டது.

ஒருநாள் முற்பகல், மெய்ப்புப் பிரிவில் துணுக்கு தனியாக இருந்தார். கதவைத் தட்டிவிட்டு ஒரு மனிதன் உள்ளே வந்தான். முப்பது, முப்பத்தைந்து வயது. துவைத்துத் தேய்த்த சட்டை. ஆனால் நகக்கண்ணில் வெள்ளைச் சாயம் போகாமல் இருந்தது. கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று.

"கீழ கேட்டேன் சார், இங்க வரச் சொன்னாங்க. 'ஆறு வரி' எழுதறவரைப் பாக்கணும்."

இப்படி ஆட்கள் வருவது வழக்கம்தான். நோட்டில் ஒட்டி வைத்திருப்பார்கள், கையெழுத்துக் கேட்பார்கள். துணுக்கு நாற்காலியைக் காட்டி, முகத்தில் ஒரு தயாள குணத்தை வரவழைத்துக்கொண்டார்.

"என்ன விஷயம், சொல்லுங்க."

"நான் பெயிண்டர் சார். என் வீட்டுக்காரி தினம் உங்க பேப்பர்ல இதை வெட்டி ஒட்டுவா. அவ எட்டாவதோட நின்னவ. பாப்பா நல்லாப் படிக்கணும், அதுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு சொல்லிச் சொல்லி ஒட்டுவா. பாப்பாவுக்கு நாலு வயசு. படுக்கப் போறப்ப ஒண்ணு படிச்சுக் காட்டுவா." நோட்டை மடியில் வைத்துக்கொண்டான். "பெயிண்ட் கலக்கற தின்னரைத் தண்ணி பாட்டில்ல ஊத்தி வச்சேன் சார். நான்தான் வச்சேன். பாப்பா அதை எடுத்து ஒரு வாய் குடிச்சிருச்சு."

துணுக்கின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது.

"நான் வேலைக்குப் போயிட்டேன். இவ ஒரு நிமிஷம்கூட பதறி நிக்கல. படிச்சது ஞாபகம் இருந்திருக்கு. உப்பு கரைச்சுக் குடுத்து வாந்தி எடுக்க வச்சுட்டா. அப்புறம்தான் தூக்கிட்டு ஓடினா. வாந்தியோட தின்னர் நுரையீரலுக்குள்ள போயிடுச்சுன்னு சொன்னாங்க. அஞ்சு நாள் இருந்துச்சு."

நோட்டைப் பிரித்து மேஜையில் வைத்தான். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கட்டம், கோணாமல், நாலு மூலையிலும் பசை தடவி. கடைசியாக ஒட்டியிருந்ததில் ஐந்து வரி இருந்தது. வரிகளை எண்ண வேண்டிய தேவை துணுக்குக்கு இல்லை.

"சண்டை போட வரல சார்" என்றான் பெயிண்டர். "டாக்டரு அப்படிக் குடுத்திருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார். இவ நம்ப மாட்டேங்கறா. பேப்பர்ல போட்டது தப்பா இருக்காது, நான்தான் உப்பை அதிகமாப் போட்டுட்டேன்கறா. எவ்வளவு உப்புன்னு இதுல போடல பாருங்க. ஒரு கைப்பிடி போட்டிருக்கா. அதனாலதான் போச்சா, கம்மியாப் போட்டிருந்தா பிழைச்சிருக்குமா, அது ஒண்ணைத்தான் கேட்டுட்டு வரச் சொன்னா. வேற எதுவும் வேண்டாம். எழுதினவருக்குத் தெரியும்ல?"

இருபத்து மூன்று வருஷத்தில் அவரிடம் கேட்டு பதில் கிடைக்காமல் போன கேள்வி கிடையாது. இந்தக் கேள்விக்கும் பதில் அவரிடம் இருந்தது. வீட்டு அலமாரியில், அவர் கையெழுத்தில், முழுசாக இருந்தது. வாயைத் திறந்தார்.

"அவர் இப்ப இங்க இல்லைங்க. வேலையை விட்டுட்டுப் போயிட்டார்."

பெயிண்டர் தலையாட்டினான். சந்தேகமே படவில்லை, அதுதான் கொடுமை. ஒரு துண்டுத் தாளில் வீட்டு விலாசத்தை எழுதி, பார்த்தால் கொடுங்கள் என்று வைத்துவிட்டு, நோட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனான். மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் கீழே வரை கேட்டது.

அன்றே துணுக்கு ஆசிரியர் அறைக்குப் போனார். திருத்தம் போட வேண்டும் என்றார். ஆசிரியர் கெட்டவர் இல்லை, ஆனால் முகத்தில் ஈயாடவில்லை.

"கேஸ் எதுவும் போட்டிருக்காங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி போட்டது. நாமளே போய்த் தலையைக் குடுக்கணுமா? உங்க கட்டத்தை ரெண்டு வாரம் நிறுத்திக்கலாம். ஓய்வு எடுங்க."

உண்மையைச் சொன்னால், துணுக்குக்கு அப்போது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கேட்டாயிற்று, மறுத்துவிட்டார்கள், நம் கையில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்குப் போனார். கத்திரிதான் பாவம். விஷயம் காதில் விழுந்ததும் மெய்ப்புப் பிரிவுக்கு வந்து, "நான் கேட்டேன்லண்ணே, கேட்டேன்ல?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, நின்றுகொண்டே இருந்தார். "கேட்டே" என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட துணுக்குக்கு வாய் வரவில்லை.

காலையில் நோட்டைப் பிரிப்பார், வெறுமனே உட்கார்ந்திருப்பார். மனைவி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விடாமல் கேட்டு, எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். முடிந்ததும் அலமாரியிலிருந்து அந்த நோட்டைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தைப் படித்தாள். ஆறாவது வரியை இரண்டு தடவை படித்தாள்.

"இதை எடுத்துட்டுப் போய் அவங்ககிட்ட காட்டுங்க."

"போனா நான்தான்னு ஒத்துக்கிட்ட மாதிரி. வேலை போயிடும். எழுதிக் குடுத்தேன்னு கேஸ் போட்டா ஜெயில்கூட..."

"ஏங்க, அந்தப் பொண்ணு இன்னும் அங்க உட்காந்து உப்பை அளந்துக்கிட்டு இருக்கா" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் நாலு நாள் ஆயிற்று. வீரமெல்லாம் ஒன்றும் வந்துவிடவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது. அதைச் சுமந்துகொண்டுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

சைக்கிள் பழுதுபார்க்கிற கடைக்கு மேலே ஒற்றை அறை. இரும்புப் படி. ஊருக்கெல்லாம் சுவருக்குச் சாயம் பூசுகிறவன் வீட்டுச் சுவர் சாயமில்லாமல் இருந்தது. பெயிண்டர் கதவைத் திறந்து, அடையாளம் கண்டுகொண்டு, "அவரைப் பாத்தீங்களா சார்?" என்றான்.

"நான்தான் அவர்" என்றார் துணுக்கு. "அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்."

பெயிண்டர் அடிப்பான் என்று நினைத்தார். அடித்திருந்தால் தேவலை என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறார். அவன் விலகி வழிவிட்டான்.

அவள் அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஐந்தாறு தம்ளர்கள், ஒரு உப்புப் பொட்டலம், ஒரு கரண்டி. மனைவி சொன்னதைத் துணுக்கு ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். அறைக்குள் கால் வைத்ததும் அது பேச்சில்லை என்று தெரிந்தது.

"பேப்பர்ல எழுதறவர் வந்திருக்கார்" என்றான் புருஷன்.

அவள் அவசரமாக எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவருக்குப் பாய் விரித்தாள். அந்த மரியாதையை அவரால் தாங்க முடியவில்லை. அவர் உட்காரும்வரைகூடப் பொறுக்காமல் கையை நீட்டிக் காட்டினாள்.

"சார், கைப்பிடின்னா யார் கையால? என் கை சின்னக் கை. அளந்து பாத்தா நாலு ஸ்பூன்தான் வருது. அது ரொம்ப ஜாஸ்தியா?"

துணுக்கு கைப்பையைத் திறந்து நோட்டை எடுத்தார். பக்கத்தைப் பிரித்து அவளிடம் கொடுத்தார். அவள் எழுத்துக்கூட்டி, உதடு அசையப் படித்தாள். ஐந்து வரி வரைக்கும் மனப்பாடமாக வேகமாகப் போனது. ஆறாவது வரியில் நின்றது. திரும்ப முதல் வரிக்குப் போய், ஒட்டி வைத்திருந்த தன் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

"அப்ப, உப்பு எவ்வளவு போட்டிருந்தாலும்..."

"எவ்வளவு போட்டிருந்தாலும் இதேதான்மா. குடுத்திருக்கவே கூடாது. அதுல உங்க கை தப்பு எதுவும் இல்ல. நீங்க படிச்சதைத்தான் செஞ்சீங்க."

புருஷன் சுவரில் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அழவில்லை.

"இந்த வரி பேப்பர்ல ஏன் வரல?"

"இடம் இல்ல. வெட்டவான்னு கேட்டாங்க. நான்தான் வெட்டச் சொன்னேன். என்ன வரின்னு யோசிக்கல."

"எவ்வளவு இடம் வேணும் அதுக்கு?"

துணுக்கு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, கொஞ்சமே கொஞ்சம் பிரித்துக் காட்டினார். ஓர் அரிசி கிடத்தினால் நிறைந்துவிடுகிற இடைவெளி. அவள் கிட்டே குனிந்து அதைப் பார்த்தாள். அவள் பார்த்து முடிக்கும்வரை கையை இறக்கக் கூடாது என்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த இடத்துல என்ன போட்டீங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இரண்டு மாதத்துக்கு முந்தைய விளம்பரத்தில் வளர்ந்த ஒரு வரி யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆனால் அவருக்கு எதுவுமே மறப்பதில்லை. அதை வைத்துத்தானே இத்தனை வருஷம் பெயர் வாங்கினார்.

"மெத்தைக் கடை விளம்பரம்மா. 'ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும்'னு ஒரு வரி சேத்தாங்க."

அவள் அதை மெல்ல ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து, உப்பை மறுபடி பொட்டலத்தில் கொட்ட ஆரம்பித்தாள்.